இல்லமும் நீதியும்: நம் பெண்மக்களின் பாதுகாப்பு வரலாறு

கல்விக் கழகம் ஒன்று தன் வெள்ளி விழாவைக் கொண்டாடும் வேளையில் வெளியிடும் மலரில் பள்ளி, விடுதி, தேர்ச்சி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகள் இடம்பெறுதல் இயல்பு. வீட்டுக்குள் பெண்கள் படும் துன்பத்தைப் பற்றிய கட்டுரைக்கு இம்மலரில் என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை எளிது. இரவில் தாய் அடிபடும் வீட்டில் பிள்ளை பாடம் படிப்பதில்லை. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி மணம் செய்து கொடுக்கப்பட்ட பெண், கணவன் வீட்டுக் கொடுமை தாளாது திரும்பி வரும்போது, கையில் சான்றிதழும் இல்லை, தொழிலும் இல்லை என்ற நிலையில் மீண்டும் அதே வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். கல்விக்கும் இல்லத்துக்கும் உள்ள தொடர்பு இத்தகையது.

நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுதுவோர் தெரு, கிணறு, கோயில், சுடுகாடு என்னும் பொது இடங்களில் நாம் பெற்ற உரிமைகளையே பெரிதும் எழுதி வந்துள்ளனர். அது தேவையான பணியே. ஆயினும் வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. வீட்டு வாசற்படியோடு சட்டம் நின்றுவிட்ட காலமும், அதைத் தாண்டி உள்ளே நுழையத் தொடங்கிய காலமும் உண்டு. அவ்வரலாற்றை நம் ஊரிலிருந்து தொடங்கி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1930-31ஆம் ஆண்டுத் தடைகள்

காரைக்குடியை அடுத்துள்ள அரியக்குடி பல வகையாலும் பெயர் பெற்ற ஊர். தென் திருப்பதி எனப் போற்றப்படும் திருவேங்கடமுடையான் கோயில் இங்குள்ளது. இசையுலகில் தனி வழி வகுத்த அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967) பிறந்த மண் இது. இவ்வூர்ப் பித்தளைக் குத்துவிளக்குகள் தமிழகம் எங்கும் மணவீடுகளில் ஒளி தருகின்றன. இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி, 1985ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினை நிகழும் வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு சூன் திங்களில் அவை பதினொன்றாக விரிந்தன. அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், சாதியைப் பற்றிய தம் நூலில் அத்தடைகளை வரிசையாகப் பதிந்துள்ளார். தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் உடைமைகளும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன.

அத்தடைகளில் எத்தனை பெண்களைக் குறித்தவை என்பதைக் கருதிப் பார்த்தல் வேண்டும். பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கலாகாது. பூச்சூடலாகாது, மஞ்சள் பூசலாகாது. பொன் நகை, வெள்ளி நகை அணியலாகாது. மண் குடத்தில் மட்டுமே தண்ணீர் எடுக்க வேண்டும். செம்புக்குடமும் பித்தளைக்குடமும் ஆகா. குடத்தின் அடியில் சும்மாடாக வைக்கோலைத்தான் வைக்க வேண்டும், துணி வைக்கலாகாது. பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது. மிராசுதாரரின் மாடுகளை மேய்க்கவே வேண்டும். நாட்கூலி ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணா.

பித்தளை வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்ற ஒரு வட்டாரத்தில், அந்தப் பித்தளையில் செய்த குடத்தை இடுப்பில் வைக்க நம் பாட்டிமாருக்கு உரிமை இல்லாதிருந்த காலம் அது. ஒரு பெண்ணின் உடையும் குடமும் கூலியும் அவள் பிள்ளையின் எழுத்தறிவும் பிறர் விருப்பப்படி அளந்து தரப்பட்டன. அவளுடைய உடல் அவளுக்கு உரியதன்று என்பதே அத்தடைகள் அனைத்துக்கும் அடிப்படையான கருத்து.

இத்தடைகள் எழுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1927ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மராட்டிய நாட்டு மகத் நகரில் திரண்ட பெண்களிடையே டாக்டர் அம்பேத்கர் உரையாற்றினார். தூய்மையாக உடுத்துங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள், ஆணுக்கு எவ்வளவு கல்வி தேவையோ அவ்வளவு பெண்ணுக்கும் தேவை என்று அறிவுறுத்திய அவர், குடித்துவிட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறிடாதீர்கள் என்றும் கூறினார். மகத்தில் எவையெவை உரிமையாகச் சொல்லப்பட்டனவோ, அவற்றுள் உடையும் கல்வியும் இராமநாதபுரத்தில் குற்றமாக்கப்பட்டன. ஆனால் அண்ணல் அங்கு மற்றொன்றையும் சேர்த்தே சொன்னார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. வெளியே நிமிர்ந்து நடக்கச் சொன்ன அதே உரையில், வீட்டுக்குள் குடிகாரனுக்கு அடங்காதே என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே போராட்டமாகவே அவர் கண்டார்.

வெளி இழிவும் வீட்டு அடியும்

வெளியில் நாள் முழுதும் இழிவுபடுத்தப்படும் ஆண், தன் சினத்தை வீட்டில் வந்து காட்டுகிறான் என்று சொல்வோர் உளர். இதில் ஓரளவு உண்மை உண்டு. நான்கணாவும் இரண்டணாவும் என்று கூலியை வகுத்த ஏற்பாடு, பெண் என்பவள் ஆணில் பாதி என்னும் பாடத்தை நம் ஆடவருக்கும் கற்பித்தது. பண்ணையில் கற்ற அப்பாடம் வீட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண் இருபாலார்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் சட்டம் 1976ஆம் ஆண்டில்தான் நாட்டில் வந்தது.

ஆயினும் ஒரு கொடுமைக்குக் காரணம் கூறுவது வேறு. அதனைப் பொறுத்தருளுவது வேறு. இழிவு காணாத செல்வர் மாளிகைகளிலும் பெண்கள் அடிபடுகின்றனர். இழிவுற்ற ஆடவருள் மனைவியை மதித்து வாழ்ந்தோரும் பலர். அன்றியும், அதே இழிவையும் அதற்கு மேல் பாதிக் கூலியையும் தாங்கிய பெண் தன் சினத்தை யார்மீது காட்டினாள்? அவள் உழைத்து, சமைத்து, பிள்ளை வளர்த்து, அடியையும் வாங்கிக்கொண்டாள். ஆகவே 'வெளியில் பட்ட அவமானம்' என்னும் சமாதானம் நீதியின் முன் நிற்பதன்று.

மதுவும் இவ்வாறே. சென்னை மாகாணம் முழுதும் 1948இல் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மீண்டும் நீங்கியது. 2003ஆம் ஆண்டு முதல் அரசின் வாணிபக் கழகமே கடை வைத்து விற்கிறது. கூலி நாளன்று மாலையில் கடைக்குப் போகும் பணம் எந்த அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பெண்கள் அறிவர். எனினும் மது கையைத் தூண்டலாம். அடிக்கும் உரிமை தனக்கு உண்டு என்னும் எண்ணத்தை அது உண்டாக்குவதில்லை. குடித்தவன் தன் மேலாளரை அடிப்பதில்லை, மனைவியையே அடிக்கிறான்.

வழக்கமும் பஞ்சாயத்தும்

சட்டம் வருமுன் நம் பெண்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லாதிருந்தது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. உழைக்கும் சமுதாயங்கள் பலவற்றில் மணத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கமும், கைம்பெண் மறுமணம் செய்யும் வழக்கமும் இருந்தன. 'அறுத்துக் கட்டுதல்' என்று பிறர் இழிவாகப் பேசிய வழக்கம் அது. அதே காலத்தில் உயர்ந்தோர் எனப்பட்ட குடும்பங்களில் இளங்கைம்பெண்கள் இருட்டறையில் வாழ்நாளைக் கழித்தனர். அவர்களுக்காக 1930களில் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்னும் இதழ் வெளிவந்தது. சுயமரியாதை இயக்கத்தினரான சொ. முருகப்பாவை மறுமணம் செய்துகொண்ட மரகதவல்லி அம்மையார் அதனை நடத்தினார். மற்றவர் போராடிப் பெற வேண்டியிருந்த ஒன்றை நம் மூதாட்டியர் வழக்கமாகவே கொண்டிருந்தனர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது.

ஆனால் அவ்வழக்கத்தை நடத்தி வைத்தது ஊர்ப் பஞ்சாயத்து. அப்பஞ்சாயத்தில் அமர்ந்தோர் ஆடவர். அடிபட்டவள் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். அடித்தவனின் பங்காளிகள் உட்கார்ந்துகொண்டு கேட்பர். தீர்ப்புப் பெரும்பாலும் அபராதமாகவோ அறிவுரையாகவோ முடியும். அபராதம் ஊர்ப் பொதுவுக்குச் செல்லும். அறிவுரை பெண்ணுக்குச் செல்லும். 'பிள்ளைகளை நினைத்துப் பொறுத்துப் போ' என்பதே பல தலைமுறைகளாக நம் பெண்கள் கேட்ட தீர்ப்புரை. பிரிந்து செல்லும் பெண்ணுக்கு வீட்டில் பங்கு, பிள்ளைகள்மீது உரிமை, வாழ்க்கைப் பொருள் ஆகியவற்றை உறுதி செய்யும் வலிமை வழக்கத்துக்கு இல்லை. வெளியேறும் வாயில் இருந்தது. வெளியேறியபின் நிற்பதற்கு நிலம் இல்லை.

உரிமைக் குரல்கள்

1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் எனத் தீர்மானித்தது. அவ்வியக்க மேடைகளிலும் ஒடுக்கப்பட்டோர் மேடைகளிலும் ஒருங்கே ஒலித்த குரல் அன்னை மீனாம்பாள் சிவராஜுடையது (1904-1992).

1942ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களின் அனைத்திந்திய மாநாடு கூடிற்று. சுலோச்சனாபாய் டோங்ரே தலைமை தாங்கினார். மணவிலக்கு உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என்று அப்பெண்கள் தீர்மானம் இயற்றினர். நாடு விடுதலை பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், எழுத்தறியாதோர் என்று எண்ணப்பட்ட பெண்கள் செய்த தீர்மானங்கள் இவை. அங்கு உரையாற்றிய அண்ணல், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தைப் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாகக் கூறினார். மணம் செய்துகொள்ளும் ஒவ்வொரு பெண்ணும் கணவனின் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

அவ்வுரையை அவர் மேடையோடு விட்டுவிடவில்லை. சட்ட அமைச்சரான பின் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றப் பெரிதும் பாடுபட்டார். மணவிலக்கு, ஒருதார மணம், பெண்ணின் சொத்துரிமை ஆகியவை அதன் உயிர்நிலைகள். எதிர்ப்பு வலுத்தது, மசோதா கைவிடப்பட்டது. 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அவர் பதவி விலகல் கடிதம் அளித்தார். தம் விலகலுக்கு அவர் கூறிய காரணங்களுள் இம்மசோதாவின் முடிவும் ஒன்று. நம் தலைவர் ஒருவர் அமைச்சுப் பதவியைத் துறந்தது பெண்களின் மணவுரிமையை முன்னிட்டும் ஆகும் என்பதை, அவர் படத்தை வீட்டில் மாட்டியுள்ள ஒவ்வோர் ஆடவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.

சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டிலேயே இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கு உரிமை தரும் சட்டம் வந்தது. 1955இல் இந்துத் திருமணச் சட்டமும் 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டமும் நாடு முழுதும் வந்தன. வழக்கத்தின்படி மணத்தைத் தீர்த்துக்கொள்ளும் உரிமையையும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் அழியாமல் காத்தது. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஏற்பளித்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு என்னும் விதியைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலும், நாடு 2005ஆம் ஆண்டிலும் ஏற்றன.

தண்டனைச் சட்டம்

மேற்கூறிய சட்டங்கள் மணத்தையும் சொத்தையும் பற்றியவை. அடிபடும் பெண்ணுக்கு அன்றிரவு துணை நிற்பது எது? 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் வரதட்சணை நிற்கவில்லை. அடுப்பங்கரைத் தீயில் இளம்பெண்கள் மாண்ட செய்திகள் 1970களின் இறுதியில் நாட்டை உலுக்கின. பெண்கள் இயக்கங்கள் தெருவில் இறங்கின. அதன் பயனாக 1983ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணவனோ அவன் உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமை முதன்முறையாகத் தனிக் குற்றமாயிற்று. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியதாயிற்று. 1986இல் வரதட்சணைச் சாவு பற்றிய பிரிவும் சேர்ந்தது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொடுமைக் குற்றம் 85, 86ஆம் பிரிவுகளிலும், வரதட்சணைச் சாவு 80ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன.

1992ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பின்னர் மாநிலம் எங்கும் பரவியது. காவல் நிலையத்தின் படியை மிதிக்க அஞ்சிய பெண்ணுக்கு அது ஓரளவு துணிவு தந்தது.

எனினும் தண்டனைச் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது கணவனைச் சிறைக்கு அனுப்பலாம். மனைவிக்கு இருக்க இடம் தராது. கூலி கொண்டுவருபவன் சிறைக்குப் போனால் அடுப்பு எரியாது. அவன் வெளியே வந்தால் கதவு திறக்காது. இவ்விரண்டுக்கும் அஞ்சியே நம் பெண்கள் பலர் புகார் கொடுப்பதில்லை. கணவனைச் சிறைக்கு அனுப்பாமலே அடியை நிறுத்துவதற்கும், வீட்டில் தங்குவதற்கும், சோற்றுக்கும் வழி செய்யும் சட்டம் ஒன்று தேவைப்பட்டது.

2005ஆம் ஆண்டுச் சட்டம்

அத்தகைய சட்டத்துக்கான மசோதா ஒன்றை 2002ஆம் ஆண்டு நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் வைத்தது. பெண்கள் அமைப்புகள் அதனை எதிர்த்தன. வழக்கமாக அடித்தால்தான் வன்முறை என்பது அம்மசோதாவின் போக்கு. எத்தனை முறை அடித்தால் வழக்கம் ஆகும் என்று பெண்கள் கேட்டனர். அன்றியும் தன் சொத்தைக் காக்கவே அவ்வாறு நடந்தேன் என்று கணவன் கூறித் தப்பவும் அதில் வழி இருந்தது. எதிர்ப்பின் பயனாக அம்மசோதா வீழ்ந்து, 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறி, 2006ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே 2005ஆம் ஆண்டில் இலங்கையும் இத்தகைய சட்டத்தை இயற்றிற்று. தமிழர் பெருந்தொகையினராகத் தோட்டங்களில் உழைத்த மலேசியா 1994ஆம் ஆண்டிலேயே இயற்றியிருந்தது.

இச்சட்டத்தின் உள்ளடக்கத்தை நம் வீடுதோறும் அறிந்திருத்தல் வேண்டும். அடித்தல் மட்டுமே வன்முறை ஆகாது. பாலியல் கொடுமை, இழிசொல், மிரட்டல், கூலியைப் பறித்தல், வீட்டுச் செலவுக்குப் பணம் மறுத்தல், நகையை அடகு வைத்துக் குடித்தல் ஆகியனவும் அதில் அடங்கும். மனைவி மட்டுமன்றி, ஒரே வீட்டில் வாழும் தாய், தங்கை, கைம்பெண் ஆகியோரும், மணம் போன்ற உறவில் வாழ்பவளும் பாதுகாப்புக் கோரலாம். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உண்டு. அவரிடம் அடிபட்டவள்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. அண்டை வீட்டாரோ ஆசிரியரோ நல்லெண்ணத்தோடு தகவல் தரலாம். அதற்காக அவர்மீது வழக்கு வாராது. அலுவலர் நிகழ்வறிக்கை எழுதுவார். மருத்துவத்துக்கும் தங்குமிடத்துக்கும் இலவச சட்ட உதவிக்கும் வழி செய்வார்.

குற்றவியல் நடுவர் மன்றத்தில் மனு அளிக்கலாம். கணவன் ஊரில்தான் அளிக்க வேண்டும் என்பதில்லை. தாய்வீட்டில் தங்கியிருந்தால் அவ்விடத்து மன்றத்திலேயே அளிக்கலாம். மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை, அறுபது நாட்களுக்குள் முடிவு என்பது சட்டத்தின் நெறி. வீடு அவள் பெயரில் இல்லாவிடினும் அங்கே வாழும் உரிமை அவளுக்கு உண்டு. 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையைச் சுருக்கி, மாமியார், மாமனார் பெயரிலுள்ள வீட்டில் அவள் உரிமை கோர முடியாது என்றது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வாழ்ந்த வீடு மாமனாருடையதாக இருப்பினும் உரிமை கோரலாம் எனத் தெளிவாக்கிற்று. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு.

எட்டிலும் நாட்டிலும்

சட்டம் ஏட்டில் நிறைவாக உள்ளது. நாட்டில் எவ்வாறு உள்ளது? 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களுள் கணவனின் வன்முறைக்கு ஆளானோர் இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர்; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 38 பேர். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்நிற்கும் நம் மாநிலம் இதில் நாட்டின் சராசரியை விஞ்சி நிற்பது நாணத்துக்குரியது. வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களுள் எவரிடமேனும் உதவி கேட்டவர்கள் நூற்றுக்குப் பதினால்வரே என்பதும் அவ்வாய்வு காட்டும் உண்மை. எஞ்சியோருள் பெரும்பாலோர் பேசாதிருந்தனர்.

அவர்கள் பேசாமைக்குக் காரணங்கள் பல. பாதுகாப்பு அலுவலரின் பணிச்சுமை பெரிது; அவர் இருக்கும் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். அறுபது நாள் என்னும் நெறி பல வழக்குகளில் ஆண்டுகளாக நீள்கிறது. மாவட்டந்தோறும் வட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர்களைக் குறித்து அமர்த்த வேண்டும் என்று 2025ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட நேர்ந்தது என்றால், சட்டம் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகியும் அதன் முதற்படியே நிறைவுறவில்லை என்பது பொருள்.

நம் பெண்களுக்கு இவற்றின்மேல் இன்னொரு தடையும் உண்டு. வெளியே சாதியின் பெயரால் நம்மை இழிவுபடுத்துவோர் இருக்கையில், நம் வீட்டுக் குறையைக் காவல் நிலையத்தில் சொல்வது சமுதாயத்தைக் காட்டிக் கொடுப்பதாகும் என்று பெரியவர்கள் தடுக்கின்றனர். 'முதலில் சாதிக் கொடுமை ஒழியட்டும், பிறகு இதைப் பார்ப்போம்' என்பர். இவ்வாதம் நேர்மையானதாகத் தோன்றினும் ஏற்கத் தக்கதன்று. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளர் பாமா, 1994ஆம் ஆண்டு வெளிவந்த 'சங்கதி' நூலில், சாதியால் வெளியே படும் துன்பத்தையும் ஆண்களால் வீட்டில் படும் துன்பத்தையும் ஒருசேர எழுதினார். அதனால் சமுதாயம் சிறுமைப்படவில்லை. அப்பெண்களின் வாயில்லாத் துயருக்கு வாய் கிடைத்தது. மறைத்த புண் ஆறுவதில்லை.

சட்டத்தைப் பெண்கள் தவறாகப் பயன்படுத்துகின்றனர் என்னும் குற்றச்சாட்டும் எழுகிறது. பொய் வழக்கு எச்சட்டத்தின்கீழும் நேரலாம். அதை விசாரித்துத் தள்ளவே நீதிமன்றம் உள்ளது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்மீதும் இதே குற்றச்சாட்டு ஓயாமல் சுமத்தப்படுகிறது. அதனைக் கேட்டு நாம் எவ்வளவு வருந்துகிறோம் என்பதை எண்ணினால், அதே சொல்லை நம் வீட்டுப் பெண்கள்மீது நாமே வீசுவது எத்துணைப் பொருந்தாதது என்பது விளங்கும்.

செய்ய வேண்டுவன

அண்டையிலுள்ள புதுக்கோட்டை நமக்கு இரண்டு பாடங்களைத் தந்துள்ளது. 1990களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டியும் ஓட்டக் கற்றனர். எழுத்தும் வண்டியும் சேர்ந்தபோது, கணவனையோ தமையனையோ கெஞ்சாமல் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் தாமே செல்லும் நிலை அவர்களுக்கு வாய்த்தது. பின்னர் அதே புதுக்கோட்டையில் ஷரீபா கானம் அம்மையார், ஆடவரே அமர்ந்து பெண்களின் மண வழக்குகளைத் தீர்க்கும் முறையை எதிர்த்து முஸ்லிம் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் ஒன்றை உருவாக்கினார். வழக்கைத் தீர்க்கும் இடத்தில் பெண்ணும் அமர வேண்டும் என்பது அதன் கருத்து.

இப்பாடங்களைக் கொண்டு நம் கழகம் மேற்கொள்ளத் தக்க பணிகள் சிலவற்றைக் கூற விழைகிறேன்.

முதலாவது, நம் பெண் குழந்தைகளைப் பள்ளி இறுதியோடு நிறுத்தாது கல்லூரிக்கோ தொழிற்கல்விக்கோ அனுப்புதல். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் மண உதவியாகத் தொடங்கிய அரசுத் திட்டம், 2022 முதல் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது. மணத்துக்குத் தரும் பணத்தைப் படிப்புக்குத் தருவது நல்ல மாற்றம்; நம் குடும்பங்களும் அவ்வாறே மாறுதல் வேண்டும்.

இரண்டாவது, வீட்டுமனைப் பட்டாவும் அரசு தரும் வீடும் மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ அமையச் செய்தல். தன் பெயரில் உள்ள வீட்டிலிருந்து பெண்ணை நள்ளிரவில் எவரும் வெளியே தள்ள இயலாது.

மூன்றாவது, ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சில் பெண்கள் சரிபாதி அமராமல் எந்த மண வழக்கையும் எடுக்கலாகாது என்னும் நெறியை ஏற்படுத்துதல். உயிருக்கு அச்சம் உள்ள வழக்குகளையும் காயம் பட்ட வழக்குகளையும் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்காது சட்டத்திடமே விடுதல்.

நான்காவது, ஆண்டுதோறும் சட்ட வகுப்பு நடத்துதல். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி பெற உரியவர் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் விதி. 181 என்னும் மகளிர் உதவி எண்ணும் 15100 என்னும் சட்ட உதவி எண்ணும் நம் தெருவில் அனைவர் கண்ணிலும் படுமாறு எழுதப்படுதல் வேண்டும். அவ்வகுப்புக்கு ஆடவரும் வருதல் வேண்டும். அடிக்கும் கையைத் தடுப்பதற்கான கல்வி ஆடவர்க்கே முதற்கண் தேவை.

அரசிடமும் நாம் கேட்க வேண்டுவன உள. வட்டத்துக்கு ஒரு முழுநேரப் பாதுகாப்பு அலுவலர், நடக்கும் தொலைவில் பாதுகாப்பான தங்குமிடம், அறுபது நாள் நெறியைக் கண்காணிக்கும் முறை, காவல் நிலையத்தில் புகாரைப் பதியாமல் 'சேர்ந்து வாழ்' என்று அனுப்பிவிடும் பழக்கத்துக்கு முடிவு ஆகியவற்றை நம் ஊராட்சிகளின் கிராம சபைகளில் தீர்மானமாக்கி அனுப்பலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்துள்ளது. அவ்விடங்களில் அமரும் நம் பெண்கள் முதலில் எழுப்பத் தக்க பொருள் இதுவே.

1931இல் நம் மக்களை எழுத்தறியக் கூடாது என்று தடுத்தவர்கள், எழுத்தறிந்த பெண் தன் உடலையும் உழைப்பையும் பிறர்க்கு விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதை நன்கு உணர்ந்திருந்தனர். அத்தடையை உடைத்து நம் பெண்மக்கள் இன்று பட்டம் பெற்று வருகின்றனர். வெளியே அவர்கள் நிமிர்ந்து நடக்க வழி செய்த நாம், வீட்டுக்குள் அவர்கள் குனிந்து நிற்பதைக் கண்டு வாளாவிருத்தல் தகாது. இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியை அளப்போர், எத்தனை பேர் தேறினர் என்பதோடு, எத்தனை வீடுகளில் அச்சம் நீங்கிற்று என்பதையும் சேர்த்து அளப்பாராக.